கோபுரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது?

(சபையின் ஆண்டு விழாப் பிற்பகல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மலருக்காக "எங்கள் சபை" என்ற தலைப்பில் படம் வரையும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தோம். வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் உயரமான ஒரு மணிக்கோபுரம் இருந்தது. நாங்கள் கூடுவது தட்டைக் கூரை போட்ட வாடகை மண்டபத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். மணி இல்லை, கோபுரம் இல்லை, வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இரும்புச் சட்டம்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் பிள்ளைகள் கோபுரம் வரைந்தார்கள். அதிலும் பல கோபுரங்களின் உச்சியில் சிலுவை இல்லை, சேவல் நிற்கிறது.

படங்களை மேசையில் பரப்பியபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. மூத்த ஐயா ஒருவர், "இது ஒல்லாந்துக்காரற்றை கோயில். எங்கட சபை எங்கே இதில இருக்கு?" என்றார். இன்னொருவர், இல்லாத கோபுரத்தை இருக்கிறதாகப் போடுவது சரியா என்று கேட்டார். நான் வேலையில் தாதி, ஓய்வு கிடைத்தால் ஓவியக் கூடங்களைச் சுற்றுகிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே இதைப் பற்றிப் பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டும் நல்ல கேள்விகள். ஓவியர்கள் முந்நூறு நானூறு வருடமாக இவற்றோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள்.

முதலில் சேவலை முடித்துவிடுவோம். இந்த நாட்டில் கோயில் உச்சியில் சேவல் நிற்பது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று காட்டுவதற்கு. அதோடு அது பேதுருவின் சேவல். அவர் மூன்று முறை மறுதலித்த பிறகு கூவியதே, அந்தச் சேவல். விடியலை முதலில் அறிவிக்கிற பறவை என்பதால் விழித்திருப்பதற்கும் அடையாளம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறார்கள், பார்த்ததை வரைந்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனிக் கோபுரத்துக்கு வருவோம். நெதர்லாந்து தட்டையான தேசம். மலை இல்லை, குன்றும் மிகக் குறைவு. அந்தத் தட்டையில் நிமிர்ந்து நிற்கிறவை மூன்றுதான்: மரம், காற்றாலை, கோயில் கோபுரம். கடலிலிருந்து வருகிற மாலுமிக்கும், வயல் வழியாக நடந்து வருகிறவனுக்கும், ஊர் வரப்போகிறது என்று முதலில் சொல்வது கோபுரம். ஆகவே இங்கே நிலக்காட்சி வரைந்த ஓவியர்கள் கோபுரத்தைத் தவிர்க்க முடியவில்லை. அடிவானத்தில் ஒரு நீளக் கோடு, அதன் மேல் ஒரு சின்ன ஊசி. அந்த ஊசியை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில்தான் ஓவியர் தம் மனதைச் சொல்கிறார். நான் படம் பார்க்கும்போது கோபுரத்தின் அழகை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். பிள்ளைகளே, நீங்களும் அப்படிப் பார்த்துப் பழகுங்கள்.

டென் ஹாக் நகரிலுள்ள மௌரிட்ஷுய்ஸ் ஓவியக் கூடத்தில் யாக்கோப் வான் ருய்ஸ்டால் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சி இருக்கிறது. 1670 முதல் 1675 வரையான காலத்தில் வரைந்தது. பெரிய படமல்ல, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கக்கூடிய அளவு. படத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேகமும் வானமும்தான். கீழே மணல்மேட்டிலிருந்து பார்க்கிற மாதிரி வயல்வெளி. அதில் நீள நீளமான வெள்ளைத் துணிகளை விரித்துக் காயவைத்திருக்கிறார்கள். தூரத்து அடிவானத்தில் புனித பாவோ ஆலயம் வீடுகளுக்கெல்லாம் மேலாக எழுந்து நிற்கிறது. வயல்வெளியில் மேக நிழலும் வெயிலும் பட்டை பட்டையாக விழுந்திருக்கின்றன. துணி விரித்த இடத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது.

அந்தத் துணிகள் வேறொன்றுமில்லை, சலவை. லினன் துணியைக் காரத்திலும் மோரிலும் ஊறவைத்து, மணல்மேட்டின் சுத்தமான தண்ணீரில் அலசி, புல்லில் விரித்து வெயிலில் வெளுக்கிற தொழிலுக்கு அந்தக் காலத்தில் ஹார்லெம் பேர்பெற்ற இடம். வெளுத்த துணி, கழுவப்பட்ட ஆத்துமாவைக் குறிக்கிறது என்று சில கலை நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனையோ படுக்கை விரிப்புகளை மாற்றுகிற எனக்கு, அது முதலில் மனிதர் முதுகு வலிக்கச் செய்த வேலையாகத்தான் தெரிகிறது. குனிந்து துணி விரிக்கிற அந்தச் சின்னச் சின்ன உருவங்களுக்கும் அந்தக் கோபுரத்துக்கும் நடுவே எவ்வளவோ தூரம். ஆனால் அவர்களில் யார் நிமிர்ந்து பார்த்தாலும் கோபுரம் தெரியும். ருய்ஸ்டால் சொல்ல வந்தது அதுவே என்று நினைக்கிறேன்.

அந்தக் கோபுரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. முதலில் கல்லில் கட்டத் தொடங்கினார்கள். கீழேயுள்ள தூண்கள் பாரம் தாங்காது என்று கண்டு, கல்லை இறக்கிவிட்டு, மரத்தால் கட்டி ஈயத் தகட்டால் போர்த்தினார்கள். படத்தில் அவ்வளவு கம்பீரமாக நிற்பது மரக் கோபுரம்தான். ருய்ஸ்டால் ஹார்லெமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் போய்க் குடியிருந்தவர். போன பிறகும் பிறந்த ஊரின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து திரும்பத் திரும்ப வரைந்தார். 1682இல் அவர் இறந்தபோது அதே புனித பாவோ ஆலயத்துக்குள் அடக்கம் பண்ணினார்கள்.

அன்று கேள்வி கேட்ட மூத்த ஐயாவிடமும் நான் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். "ஐயா, உங்கட ஊர்க் கோயிலை வரையுங்கோ" என்றேன். வரையத் தெரியாது என்று மறுத்தார், பிறகு வரைந்தார். முதலில் நாலு பனைமரம். அதன் பிறகு வயல், வரம்பு, வரம்பில் ஒரு பையன். கடைசியாக, தாளின் மேல் மூலையில், பனைகளுக்குப் பின்னால், நகத்தளவு ஒரு கோபுரம். "ஏன் ஐயா இவ்வளவு சின்னதாக?" என்று கேட்டேன். "நான் அங்கேயிருந்துதானே மணி கேட்கிறனான்" என்றார். கோயிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் அதை ஞாபகம் வைத்திருக்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டு, தூரத்தில் நின்று ஞாபகம் வைத்திருக்கிறார். அந்தப் படத்தையும் இந்த மலரில் பிள்ளைகளின் படங்களோடு சேர்த்திருக்கிறோம்.

இனி, மணியே இல்லாத ஒரு கோபுரம். மௌரிட்ஷுய்ஸ் கூடத்திலேயே வெர்மீர் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சி இருக்கிறது. 1660, 1661 அளவில் வரைந்தது. தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று ஊரைப் பார்க்கிறோம். முன்னால் நிற்கிற மதிலும் வாசலும் மேக நிழலில் இருண்டு கிடக்க, உள்ளே தள்ளி நிற்கிற புதிய ஆலயத்தின் கோபுரத்தில் மட்டும் காலை வெயில் முழுவதாக விழுகிறது. 1584இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் கல்லறை அந்த ஆலயத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்த வெளிச்சம் தேசத்தின் நன்றி என்று விளங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. 1654இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து டெல்ஃப்ட்டின் பெரும் பகுதி அழிந்தது. அதிலிருந்து தப்பி நின்ற கோபுரத்துக்குக் கொடுத்த வெளிச்சம் என்றும் சொல்லலாம்.

ஆனால் படத்துக்குக் கிட்டப் போய்க் கோபுரத்தின் மேல் துவாரங்களைப் பாருங்கள். உள்ளே மணிகள் தொங்கவில்லை. அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. அந்தக் காலத்தில் அங்கே புது மணித்தொகுதி பொருத்துகிற வேலை நடந்தது. பழையது போய், புதியது வருவதற்கு இடைப்பட்ட காலத்தில் படம் வரையப்பட்டிருக்கிறது. படத்துக்கு வருடம் குறிக்கவும் ஆராய்ச்சியாளர்களுக்கு அது உதவியிருக்கிறது. வெர்மீர் விரும்பியிருந்தால் இரண்டு தூரிகைப் புள்ளியில் மணிகளைப் போட்டிருக்கலாம். போடவில்லை. சத்தமில்லாத கோபுரத்துக்கே தம் படத்தின் மிக நல்ல வெளிச்சத்தைக் கொடுத்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றது அந்த வெயில் விழுகிற ஆலயத்தில். 1675இல் அடக்கம் பண்ணப்பட்டது, அதே படத்தில் இடதுபக்கம் மங்கலாகத் தலை மட்டும் காட்டுகிற பழைய ஆலயத்தில்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். வெர்மீர் இந்தப் படத்தை வரைவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்ட்டில் இருந்தது. 1706இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அவர்கள் கட்டிய ஆலயம் நம் காலத்து யுத்தத்தில் இடிந்து போனது. உங்களில் சிலர் அதை முழுதாகப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் கல்லுக் குவியலின் புகைப்படம். "ஒல்லாந்துக்காரற்றை கோயில்" என்று அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் நம் ஊரில் கட்டினார்கள், நாங்கள் அவர்கள் ஊரில் வரைகிறோம்.

பொருளாளர் அண்ணருக்கு ஒரு செய்தி. நாங்களும் ஒரு நாள் மூடப்பட்ட கோயில் ஒன்றை வாங்கலாம் என்று சிலர் கதைப்பது காதில் விழுகிறது. வாங்கினாலும் கோபுரம் நமக்குக் கிடைக்காமல் போகலாம். 1798ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இந்த நாட்டுக் கோயில் கோபுரங்களை மணிகளோடு சேர்த்து ஊர் நிர்வாகத்துக்கு ஒப்படைத்தார்கள். அதனால் இன்றும் பல ஊர்களில் கோயில் சபைக்குச் சொந்தம், அதோடு ஒட்டி நிற்கிற கோபுரம் ஹெமேன்டேக்குச் சொந்தம். காரணம் விளங்கக்கூடியதே. மணி ஆராதனைக்கு மட்டும் அடிக்கப்படவில்லை. தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், ஊர்க் கதவு பூட்டுகிற நேரத்துக்கு, ஒருவர் இறந்தால், எல்லாவற்றுக்கும் அடிக்கப்பட்டது. விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் ஒரே மணி. ஒல்லாந்து மொழியில் ஹெமேன்டே என்ற ஒரே சொல்தான் நகரசபைக்கும் திருச்சபைக்கும். சொல்லிப் பார்த்தால் தமிழிலும் அப்படித்தான், இரண்டும் சபைதான்.

என் தொழிலிலிருந்து ஒரு விடயம். தாதிப் பயிற்சியில் ஆரம்பத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்: நோயாளியின் மனம் குழம்பியிருக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள். நீங்கள் யார்? எங்கே இருக்கிறீர்கள்? இப்போது என்ன நேரம்? ஊரை விட்டு வந்து, இந்த மொழியை அரைகுறையாகப் பேசிக்கொண்டு, ஒரு முதியோர் இல்லத்தில் நான் பயிற்சி பெற்றபோது, வயது மிக முதிர்ந்த ஒரு அம்மாவைப் பராமரித்தேன். மறதி நோய். தன் பிள்ளைகளின் பெயர் வராது. ஆனால் நேரத்தைக் கேட்டால் யன்னலுக்குத் திரும்பி, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார். எந்த ஊர் என்று கேட்டாலும் அதைத்தான் காட்டுவார். அவருடைய கதிரையை எப்போதும் அந்தப் பக்கம் திருப்பி வைப்போம். ஒரு கோடையில் திருத்த வேலைக்காக அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டித் துணியால் மூடினார்கள், மணியையும் நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் மாலையானால் அவருக்குப் பதற்றம் வந்தது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுந்து நிற்பார். மூடிய கோபுரம்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த நோயில் மாலைப் பதற்றம் சாதாரணம். ஆனாலும் அதற்குப் பிறகு ஓவியங்களில் அடிவானத்துக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று கேள்விகள்தான் ஞாபகம் வரும்.

நேரத்தைச் சொல்கிற கோபுரத்தைத் தேடினால், அதற்குச் சரியான படம் பிரான்சில் இருக்கிறது. மில்லே என்ற ஓவியர் 1857 முதல் 1859 வரை வரைந்தது. இப்போது பாரிஸ் ஓர்சே ஓவியக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் காலை, மதியம், மாலை மணி அடிக்கும்போது சொல்கிற திரிகாலச் செபம்தான் படத்தின் பெயர். உருளைக்கிழங்கு வயல். ஒரு ஆணும் பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். கிழங்கு கிண்டும் கருவி மண்ணில் குத்தியபடி நிற்கிறது. காலடியில் கூடை, பின்னால் சாக்கு ஏற்றிய தள்ளுவண்டி. ஆண் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். பெண் கைகளைக் கோத்துத் தலை குனிந்திருக்கிறாள். தூரத்தில், பெண்ணின் பக்கத்து அடிவானத்தில், ஒரு கோயில் கூம்பு. கவனிக்காவிட்டால் தெரியாது. ஆனால் அதை விரலால் மறைத்துப் பாருங்கள், படமே மாறிவிடும். இரண்டு பேர் களைத்துப்போய், அல்லது ஏதோ துக்கத்தில் நிற்கிற படமாகிவிடும்.

மணிச் சத்தத்தை வரைய முடியாது. மில்லே அதைக் கேட்கிறவர்களை வரைந்தார். குனிந்த இரண்டு தலைகளும்தான் அங்கே மணிச் சத்தம். பிள்ளைகளுக்கு இது விளங்கும்: மே 4ஆம் திகதி இரவு 8 மணிக்கு இந்த நாட்டில் இரண்டு நிமிடம் டிராம் வண்டிகூட நிற்கிறதே, அந்த நேரத்தில் உங்களை ஒருவர் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? இந்தப் படம் அப்படி ஒரு நிமிடம்.

மில்லே முதலில் கோபுரம் இல்லாமல்தான் இதை வரைந்தார், படத்தைக் கேட்டிருந்த அமெரிக்கர் எடுத்துப்போக வராததால் பிறகு கோபுரத்தைச் சேர்த்துப் பெயரையும் மாற்றினார் என்று சொல்லப்படுகிறது. இன்னொன்று, மில்லே ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர் அல்ல. சிறுவயதில் வயலில் வேலை செய்யும்போது மணி கேட்டவுடன் பாட்டியார் எல்லாரையும் நிறுத்தி, இறந்துபோனவர்களுக்காகச் செபிக்கச் சொல்வார் என்ற ஞாபகத்திலிருந்து வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பாட்டியின் பக்தி பேரனின் தூரிகையில் வந்து நிற்கிறது. நம் வீடுகளில் அப்பம்மாவும் அம்மம்மாவும் மாலைச் செபத்துக்குக் கூப்பிடும்போது பிள்ளைகள் தொலைபேசியைக் கீழே வைக்காமல் முணுமுணுப்பதைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கவலைப்படுவதுண்டு. கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.

இந்தப் படத்தை 1880இல் பார்த்து வரைந்து பழகிய இளைஞர் ஒருவர் இருந்தார். போதகரின் மகன். பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மத்தியில் பிரசங்கியாக ஊழியம் செய்து, அந்த வேலை நீடிக்காமல் போனவர். வின்சென்ட் வான் கோ. தமிழில் இப்படித்தான் எழுதுகிறோம். உங்கள் பள்ளிக்கூடத்தில் தொண்டையைக் காறிச் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்ல வராது, பிள்ளைகள் சிரிக்க வேண்டாம்.

1883 முடிவில் அவர் நூனென் கிராமத்திலிருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்தார். அப்பா அங்கே சின்னதொரு சீர்திருத்தச் சபையின் போதகர். சுற்றியிருந்த ஊரார் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1884 ஜனவரியில் அம்மா ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அம்மாவுக்கு வயது 64. இன்றைக்கு என்றால் அறுவைச் சிகிச்சை செய்து விரைவிலேயே எழுப்பி நடக்கவைப்போம். அன்றைக்கு மாதக் கணக்கில் படுக்கைதான், படுக்கைப் புண்ணுக்கும் சளிக்கும் பயந்துகொண்டு. வின்சென்ட் பக்கத்திலிருந்து பராமரித்தார். அம்மாவின் மனம் ஆறுவதற்காக அப்பாவின் ஆலயத்தைச் சின்னப் படமாக வரைந்து கொடுத்தார். ஆலயத்துக்குப் போக முடியாதவரிடம் ஆலயத்தைக் கொண்டுபோனார். வார்டில் படுத்திருக்கிறவர்களுக்கு ஞாயிறு ஆராதனையை நாங்கள் டேப்லெட்டில் போட்டுக் காட்டுகிறோமே, அதற்குச் சமம்.

அந்த ஆலயத்துக்குப் பெரிய கோபுரம் கிடையாது. கூரைமேல் ஒரு சின்னக் கூண்டு, அவ்வளவுதான். முதலில் முன்னால் மண்வெட்டியோடு ஒரு விவசாயியை வரைந்திருந்தார் என்று எக்ஸ்-ரே காட்டுகிறது. ஆம், படங்களுக்கும் எக்ஸ்-ரே எடுப்பார்கள். பின்னாளில் அந்த ஆளை மூடிவிட்டு, ஆலயத்திலிருந்து வெளியே வருகிற சபையாரை வரைந்தார். அவர்களில் துக்கச் சால்வை போர்த்த பெண்கள் இருக்கிறார்கள். 1885 மார்ச் 26இல் அப்பா திடீரென்று இறந்துபோனார். அந்தத் துக்கத்துக்குப் பிறகுதான் மாற்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இந்தச் சின்னப் படத்துக்கு ஒரு துப்பறியும் கதையும் உண்டு. 2002 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் வான் கோ ஓவியக் கூடத்தின் கூரையில் ஏணி வைத்து ஏறிய இரண்டு திருடர் இதையும் இன்னொரு படத்தையும் கொண்டுபோனார்கள். பதினாலு வருடம் தகவல் இல்லை. 2016இல் இத்தாலியில் நேபிள்ஸ் நகருக்கு அருகே, போதைமருந்துக் கும்பலுக்குரிய வீட்டில் அகப்பட்டது. 2017இல் திரும்பி வந்துவிட்டது.

நூனெனில் வேறொரு கோபுரமும் இருந்தது. ஊருக்கு வெளியே வயல் நடுவில், கோயில் இடிந்து போய்க் கோபுரம் மட்டும் நின்றது. அதைச் சுற்றி விவசாயிகளின் கல்லறைகள். வின்சென்ட் அதைக் கூர் முனையோடு பல முறை வரைந்தார். 1885இல் அதையும் இடிக்கத் தொடங்கி, கூம்பை இறக்கி, மரச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஏலத்தையும் அவர் வரைந்து வைத்திருக்கிறார். அதன் பிறகு, கூம்பு போன மொட்டைக் கோபுரத்தைப் பெரிதாக, மிகக் கிட்டத்தில் வைத்து ஒரு படம். மேலே கரிய பறவைகள், கீழே மரச் சிலுவைகள். அப்பாவை அடக்கம் பண்ணியது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான், மார்ச் 30ஆம் திகதி. அன்று வின்சென்டுக்கு 32ஆவது பிறந்தநாள்.

அந்தப் படத்தைப் பற்றித் தம்பி தேயோவுக்கு எழுதிய கடிதத்தில், விவசாயிகள் உயிரோடிருக்கையில் கிண்டிய அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் புதைக்கப்படுவதையும், உறுதியாக அத்திவாரமிட்ட ஒரு மதமே உக்கிப்போக அவர்கள் வாழ்வும் சாவும் மாறாமல் தொடர்வதையும் காட்ட விரும்பியதாக எழுதினார். போதகர் ஐயா முன்னிலையில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் மறைத்துப் பேசுவது சரியில்லை. ருய்ஸ்டாலின் கோபுரம் தூரத்தில் நின்று எல்லாரையும் சேர்த்துப் பிடித்தது. வான் கோவின் கோபுரம் கைக்கெட்டுகிற கிட்டத்தில் நின்று ஒன்றும் பேசவில்லை. அப்பாவோடு கடைசிவரை சமாதானமாகப் பேச முடியாத ஒரு மகன் வரைந்த படம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சபையில் அப்படிப்பட்ட மகன்களும் மகள்களும் இருக்கிறார்கள். சிலர் இன்று வரவில்லை.

நாலு வருடம் கழித்து, 1889 ஜூனில், தெற்குப் பிரான்சில் சென் ரெமி என்ற ஊரின் மனநோய் விடுதியில் தங்கியிருந்தபோது அவர் வரைந்ததுதான் உலகமெல்லாம் அறிந்த "நட்சத்திர இரவு". தொலைபேசி உறையிலும் காலுறையிலும்கூட அச்சடித்து விற்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமலிராது. வானத்தின் சுழிப்பைத்தான் எல்லாரும் பார்ப்போம். கீழே பாருங்கள். ஒரு சின்ன ஊர், நடுவே கூர்மையான கோயில் கோபுரம். அவருடைய அறை யன்னலிலிருந்து அந்த ஊர் தெரியாது. அந்தப் பகுதிக் கோயில்களுக்கு அப்படி ஊசிபோன்ற கோபுரமும் வழக்கமில்லை. அது வடக்கே, பிறந்த நாட்டில் விட்டுவந்த கோபுரத்தின் சாயல் என்று கலை ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். வீடுகளில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கோயில் யன்னல்களில் வெளிச்சம் தெரியவில்லை. அதைக் காட்டி, பார்த்தீர்களா, இவருக்கு விசுவாசம் அணைந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. நடு இரவில் எந்தக் கோயிலில் விளக்கு எரிகிறது? இரவு வேலை முடிந்து வருகிற எனக்குத் தெரியும், இருண்டுதான் நிற்கும். விசுவாசம் அணைந்தவர் அந்தக் கோபுரத்தை அடிவானத்துக்கும் மேலே, மலையைத் தாண்டி வானத்துக்குள் போகிற அளவு உயரமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

இல்லாத கோபுரத்தை வரைவது சரியா என்று கேட்டவருக்கு என்னிடம் உள்ள பதில் அந்தப் படம்தான். சுகமில்லாமல், வேறு தேசத்தில், பூட்டிய கட்டடத்துக்குள் இருந்த ஒரு மனிதர் தாம் யார், எங்கிருந்து வந்தவர் என்று குறித்துக்கொள்ள அதை அங்கே நட்டார்.

கடைசியாக, ஓய்வுநாள் பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றி. டென் ஹாக் மௌரிட்ஷுய்ஸ், ஆம்ஸ்டர்டாம் வான் கோ ஓவியக் கூடம் இரண்டிலும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதிச்சீட்டுக் காசு இல்லை, பெரியவர்களுக்கு மட்டும்தான். வான் கோ கூடத்துக்கு முன்கூட்டியே நேரம் பதியவேண்டும். முதலில் டென் ஹாக் போவோம். வெர்மீரின் படம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது, அதற்கு முன்னால் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். பொறுத்திருங்கள். இடம் கிடைத்ததும் முன்வரிசைக்குப் போய், கோபுரத்தின் மேல் துவாரங்களைப் பாருங்கள், அந்தப் பக்கத்து வானம் தெரிகிறதா என்று. மற்ற அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்களும் வாருங்கள், ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ரயிலில் போகும்போது உங்கள் ஊர்க் கோபுரத்தை வரைந்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது எந்தப் பக்கமிருந்து, எந்த நேரத்தில் கேட்டது என்று சொல்லுங்கள். ரயில் போகிற வழி நெடுகத் தட்டை நிலம்தான், யன்னலோரம் இருக்கிற பிள்ளைகள் எத்தனை சேவல் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு வரலாம்.